விரல் நுனியில் மயில்கழுத்து! பளபள நகத்துக்குப் பின்னால் நடப்பது என்ன?

பட்டுப் புடவைக் கடையில் மட்டும் கேட்டு வந்த கலர் எல்லாம் இப்போது பெண்களின் நகத்துக்கு வந்து விட்டன.

அரக்கு, வாடாமல்லி, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, வெங்காய ரோஸ், கத்தரிப்பூ கலர், எம்.எஸ். புளூ! தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் சாயங்காலம் 6 மணிக்கு ஒரு நடை நடந்து பாருங்கள். பேரம் பேச நீளும் பத்து விரலில் பத்து கலர் தெரியும்.

முன்பெல்லாம் இரண்டே கலர்தான். ஒன்று சிவப்பு. இன்னொன்று ரோஸ். அதுவும் கல்யாணம் காட்சி என்றால்தான். வேலைக்குப் போகும் பெண் சிவப்பு நகத்தோடு ஆபீசுக்குள் நுழைந்தால், "என்னம்மா, இன்னைக்கு என்ன விசேஷம்?" என்று தலைமை குமாஸ்தா மூக்குக் கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு பார்ப்பார்.

இப்போது யாரும் கேட்பதில்லை. கேட்கிற குமாஸ்தாவின் மகளே அந்தக் கலரில்தான் காலேஜுக்குப் போகிறாள்!

ஆனால் மாறியது கலர் மட்டும் அல்ல. முன்பு நகத்தில் பாலிஷ் பூசினார்கள். இப்போது நகத்தையே கட்டுகிறார்கள். கூழ், பசை, அரம், விளக்கு என்று பார்லர் மேஜை ஒரு சின்னப் பட்டறை மாதிரி இருக்கிறது. கலரால் யாருக்கும் கெடுதல் இல்லை. அதைத் தாங்கிப் பிடிக்கும் சரக்கில்தான் விஷயம் இருக்கிறது.

எந்தக் கலர் எடுபடும்?

மாநிறத்துக்கு அரக்கு, செம்பு, ஒயின் சிவப்பு, பொன் கலர் எடுப்பு. இது பழைய கணக்கு. வெள்ளை போட்டால் நகம் தனியாக, விரல் தனியாகத் தெரியும் என்று பயந்தார்கள். இப்போது அப்படித் தெரிவதுதான் பேஷன்! கறுத்த விரலில் பால் வெள்ளை நகம் பார்க்கவும் நன்றாகத்தான் இருக்கிறது.

ஆபீசுக்குப் போகிறவர்கள் டீ கலர், மேனி கலர் கேட்கிறார்கள். இதில் ஒரு சாமர்த்தியம் உண்டு. நகம் வளர்ந்து அடியில் இடைவெளி விழுந்தாலும், நுனி உதிர்ந்தாலும் சட்டென்று கண்ணில் படாது. கறுப்பும் கருநீலமும் அப்படி அல்ல. ஒரு பாத்திரம் தேய்த்தால் போதும், குட்டு வெளிப்பட்டு விடும்.

இத்தனையிலும் ராஜா, மயில்கழுத்து! இப்படித் திருப்பினால் பச்சை, அப்படித் திருப்பினால் நீலம் அடிக்குமே பட்டுப் புடவை, அந்த ஜாலம் நகத்தில். பார்லரில் இதைக் 'கேட் ஐ' என்கிறார்கள். பூனைக் கண்!

மந்திரம் ஒன்றும் இல்லை. பூச்சுக்குள் பொடிப் பொடியாக இரும்புத் துகள் கலந்திருக்கிறது. இறுகும் முன்னால் நகத்துக்கு மேலே ஒரு சின்னக் காந்தத்தைப் பிடிக்கிறார்கள். துகள் எல்லாம் ஓடி வந்து ஒரு கோடாக நிற்கும். கையை அசைத்தால் அந்தக் கோடும் அசைவது போல இருக்கும். பள்ளிக்கூடத்தில் காகிதத்தின் மேல் இரும்புத் தூளைக் கொட்டி அடியில் காந்தம் காட்டினார்களே, அதே விளையாட்டு. அதற்கு இப்போது பில் போடுகிறார்கள், அவ்வளவுதான்.

'பிரெஞ்ச்' என்று கேட்பவர்களும் குறையவில்லை. நகம் முழுக்க லேசான ரோஸ், நுனியில் மட்டும் வெள்ளைப் பிறை. பெயரைப் பார்த்துப் பாரீசில் பிறந்தது என்று நினைக்க வேண்டாம். 1970-களில் ஹாலிவுட்டில் பிறந்தது!

நடிகைகள் ஒவ்வொரு காட்சிக்கும் டிரஸ் மாற்றும்போது நகத்தின் கலரையும் மாற்ற வேண்டி இருந்தது. காயும் வரை படப்பிடிப்பு நிற்கும். எந்த டிரஸ்சுக்கும் பொருந்துகிற ஒரே நகம் வேண்டும் என்றார்கள். 'ஆர்லி' கம்பெனியைத் தொடங்கிய ஜெப் பிங்க் இந்த வெள்ளை நுனியைக் கொண்டு வந்தார். பிறகு பாரீஸ் பேஷன் மேடைக்கும் எடுத்துப் போனார். பெயர் ஒட்டிக்கொண்டது.

இங்கே அது நிலைத்ததற்கும் கிட்டத்தட்ட அதே காரணம்தான். பட்டுக்கும் பொருந்தும், சுடிதாருக்கும் பொருந்தும். மாமியார் கண்ணையும் உறுத்தாது.

வீட்டிலேயே செய்யலாம்

பார்லருக்குப் போகாமல் செய்கிறவர்களின் கைவேலையை லேசாக நினைக்கக் கூடாது. ஹேர்பின் முனையைப் பாலிஷில் தொட்டு வைத்தால் புள்ளி. ஐந்து புள்ளியை வட்டமாக வைத்தால் பூ. நடுவில் ஒரு மஞ்சள். கோலம் போட்டுப் பழகிய கைக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதே இல்லை.

செலோ டேப்பைக் குறுக்கே ஒட்டிப் பூசி உடனே உரித்தால் கோணல் இல்லாத கோடு கிடைக்கும். ஸ்பாஞ்சுத் துண்டில் இரண்டு கலரை ஒட்டி ஒட்டித் தடவி நகத்தில் ஒற்றினால், ஒன்று இன்னொன்றில் கரையும். விடியற்கால மெரினா வானம் மாதிரி. ஸ்பாஞ்சு புதிதாக இருக்க வேண்டும். பாத்திரம் தேய்த்தது ஆகாது!

பத்திரிகை நகம் என்று ஒன்றும் உண்டு. வெளிர் கலர் பூசிக் காய விட வேண்டும். பிறகு விரல் நுனியை ஓடிகொலோனில் நனைத்து, பத்திரிகைத் துண்டைக் கால் நிமிடம் அழுத்தி எடுத்தால் அச்செழுத்து அப்படியே நகத்தில் இறங்கும். ஒரே ஒரு சங்கடம். எழுத்து இடம் வலமாகத் திரும்பி இருக்கும். செய்தியைப் படிக்க நினைத்தால் கண்ணாடி முன்னால் போய் நிற்க வேண்டும்.

எது பூசினாலும் அடிப்பூச்சு முக்கியம். அது இல்லாமல் அடர் சிவப்பைப் பூசினால் அழித்த பிறகு நகம் மஞ்சளாக நிற்கும். மஞ்சள் காமாலையோ என்று டாக்டரிடம் ஓட வேண்டி வரும். பூசுவதையும் மெல்லிசாக இரண்டு தடவை பூச வேண்டும். தடிமனாக ஒரே தடவையில் அப்பினால் மேலே காயும், உள்ளே காயாது. ராத்திரி படுத்தால் தலையணை உறை நகத்தில் அச்சாகி விடும்.

இதுவரை அழகு. இனி சரக்கு!

கார் பெயின்ட் வீட்டுப் பிள்ளை

பாட்டிலில் வரும் நெயில் பாலிஷ் யார் வீட்டுப் பிள்ளை தெரியுமா? கார் பெயின்ட் வீட்டுப் பிள்ளை!

1920-களில் அமெரிக்காவில் கார்களுக்கு அடிக்கச் சீக்கிரம் காயும் பளபளப்பான லேக்கர் வந்தது. அதற்கு மூலம் நைட்ரோசெல்லுலோஸ். பஞ்சை அமிலத்தில் போட்டு எடுப்பது. அதே சரக்கு கொஞ்சம் மாறி நகத்துக்கு வந்தது. 1932-ல் ரெவ்லான் கம்பெனி நெயில் பாலிஷை வைத்தே கடை திறந்தது. இந்தியாவில் டாடா நிறுவனத்தார் 1952-ல் லாக்மேயைத் தொடங்கினார்கள்.

அதே பஞ்சில் அமில வேலை இன்னும் கூடினால் வெடிமருந்து! பழைய சினிமா பிலிம் சுருள்கள் குபீர் என்று பற்றி எரிந்ததும் இதே இனம் என்பதால்தான். ஆகவே பாலிஷும், அதை அழிக்கும் அசிட்டோனும் தீயைக் கண்டால் பாயும். கேஸ் அடுப்பு எரியும்போது பக்கத்தில் உட்கார்ந்து நகம் துடைப்பதும், சாமி விளக்கு முன்னால் உட்கார்ந்து பூசுவதும் கூடவே கூடாது.

மற்றபடி இந்தப் பாட்டில் பாலிஷ் பெரும்பாலோருக்குத் தொந்தரவு தருவது இல்லை. வில்லன் வேறு இடத்தில் இருக்கிறான்.

பொய்ப்பல்லில் இருந்து பொய் நகம்

1954-ம் ஆண்டு. அமெரிக்காவில் பிலடெல்பியா. பிரெட் ஸ்லாக் என்ற பல் டாக்டருக்கு வேலை செய்யும்போது நகம் உடைந்தது. மனிதர் சும்மா இருக்கவில்லை. பல் வேலைக்கு வைத்திருந்த அக்ரிலிக்கை எடுத்தார். அலுமினியத் தாளை அச்சாக வைத்தார். ஒரு நகம் செய்து ஒட்டிக்கொண்டார். இன்றைக்கு விற்கும் அக்ரிலிக் நகத்தின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

இப்போது எல்லோரும் கேட்கும் 'ஜெல்' நகமும் அதே குடும்பம். அக்ரிலேட் என்று வம்சப் பெயர். கூழாக இருக்கும். விளக்கில் காட்டினால் ஒரு நிமிடத்துக்குள் கல்லாக இறுகும். முழுதாக இறுகிய பிறகு சாது. இறுகாத கூழ்தான் போக்கிரி!

கூழ் நகத்தைத் தாண்டித் தோலில் பட்டாலும், விளக்கு சரி இல்லாமல் அரைவேக்காடாக நின்றாலும், உடம்பு அதை எதிரி என்று குறித்து வைத்துக்கொள்ளும். முதல் தடவை ஒன்றும் தெரியாது. ஐந்தாவது தடவையோ, பத்தாவது தடவையோ விரல் நுனி சிவக்கும். அரிக்கும். கொப்பளிக்கும். நகம் சதையை விட்டுக் கிளம்பும். விரல் படும் கண் இமை, கன்னம்கூட வீங்கும். வந்த அலர்ஜி பெரும்பாலும் வாழ்நாள் முழுக்கப் போகாது.

போகாவிட்டால் என்ன, ஜெல் போடாமல் இருந்தால் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். இதே இனச் சரக்கு பல் அடைக்கும் மருந்தில் இருக்கிறது. மூட்டு மாற்று ஆபரேஷனில் எலும்பை ஒட்டும் சிமென்டில் இருக்கிறது. 25 வயதில் தீபாவளிக்குப் போட்ட நகம், 60 வயதில் முழங்கால் ஆபரேஷனில் வந்து குறுக்கே நிற்கலாம்!

2018-ல் பிரிட்டிஷ் தோல் டாக்டர்கள் சங்கம் இதைப்பற்றிப் பகிரங்கமாகவே எச்சரித்தது. அங்கே தோல் அலர்ஜி பரிசோதனைக்கு வந்தவர்களில் 2.4 சதவீதம் பேருக்கு இந்த இனச் சரக்கு ஆகவில்லை. அமெரிக்காவில் 1970-களிலேயே மெதில் மெதாக்ரிலேட் என்ற முரட்டு ரகத்தை எதிர்த்து அரசு கோர்ட்டுக்குப் போனது. ஐரோப்பிய நாடுகளில் 'ஹெமா' என்ற ரகத்தைத் தொழில் தெரிந்தவர்கள் மட்டுமே நகத்துக்குப் பயன்படுத்தலாம் என்று 2020-ல் விதி வந்தது. ஜெல்லை இறுக வைக்கும் 'டி.பி.ஓ.' என்ற பொருளுக்கு 2025 செப்டம்பர் 1 முதல் அங்கே முழுத் தடை!

விளக்கின் சங்கதி? அது யு.வி. விளக்கு. வெயிலில் இருக்கும் கதிர்தான். 2023-ல் அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழக விஞ்ஞானிகள், சோதனைத் தட்டில் வளர்த்த செல்களை இந்த விளக்கில் 20 நிமிடம் காட்டினார்கள். 20 முதல் 30 சதவீதம் வரை செல்கள் செத்தன. பார்லரில் யாரும் ஒரே மூச்சாக 20 நிமிடம் கையை வைப்பது இல்லை. தட்டில் இருக்கும் செல்லும் தோல் மூடிய விரலும் ஒன்றும் அல்ல. அதனால் ஜெல் போட்டவர்களுக்கு எல்லாம் புற்றுநோய் என்று கிளப்பி விடுவது தவறு. நுனி வெட்டிய கையுறை போட்டுக்கொண்டு கையை நீட்டினால் போதும், நகம் மட்டும் வெளியே தெரியும்.

ஆஸ்பத்திரியில் பிடிபடும் நகம்

கொரோனா காலத்தில் விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்த்தோமே, அந்தச் சின்னக் கருவி நினைவு இருக்கிறதா? அது நகத்தின் வழியாக வெளிச்சத்தைப் பாய்ச்சித்தான் கணக்குப் போடுகிறது. கறுப்பு, நீலம், பச்சை பாலிஷ் இருந்தால் கணக்குத் தப்பலாம். ஆபரேஷனுக்கு முன்னால் பாலிஷை அழிக்கச் சொல்வது இதற்காகத்தான். நகம் நீலம் பாய்கிறதா என்று டாக்டர் கண்ணாலும் பார்க்க வேண்டும்.

பாலிஷ் என்றால் நர்ஸ் ஒரு பஞ்சில் துடைத்து விடுவார். ஜெல் நகத்தை அவசரத்தில் என்ன செய்வது? அது ஊறித்தான் வர வேண்டும். ஆபரேஷன் தேதி குறித்தவர்களும், பிரசவத்துக்கு நாள் எண்ணுகிற கர்ப்பிணிகளும் பத்து விரலையும் மூடாமல் இருப்பது நல்லது.

நோயாளிக்கு மட்டும் அல்ல, பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் இதில் பொறுப்பு இருக்கிறது. அமெரிக்காவில் ஓக்லஹோமா நகரத்தில் ஒரு ஆஸ்பத்திரி. பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு. 1997, 1998 ஆண்டுகளில் அங்கே ஒரு கிருமி புகுந்து போகமாட்டேன் என்றது. 46 குழந்தைகளுக்குத் தொற்றியது. அதில் 16 குழந்தைகள் இறந்தன.

துப்புத் துலக்கிய ஆராய்ச்சியாளர்கள் கடைசியில் வந்து நின்ற இடம், இரண்டு நர்சுகளின் விரல்! ஒருவருக்கு நீளமான சொந்த நகம். மற்றவருக்கு நீளமான பொய் நகம். கிருமி அவ்வளவு காலம் நீடித்ததில் அந்த நகங்களுக்குப் பங்கு இருந்திருக்கலாம் என்று எழுதினார்கள். நோயாளியைத் தொடுகிறவர்கள் பொய் நகம் வைக்கக் கூடாது, சொந்த நகமும் அரை சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வழிகாட்டியது. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகளும் சமையல் வேலை செய்வோர் பொய் நகம் வைப்பதைத் தவிர்க்கச் சொல்கின்றன.

மேஜைக்கு அந்தப் பக்கம்

ஒட்டிக்கொண்டு போகிறவர் மாதம் ஒரு முறை வருகிறார். ஒட்டி விடுகிறவர்? காலையில் இருந்து ராத்திரி வரை அந்தத் தூளிலும் நெடியிலும்தான் இருக்கிறார். சென்னை பார்லர்களில் மணிப்பூர், மிசோரம், நாகாலாந்துப் பெண்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். ஊரை விட்டு வந்த பெண்ணுக்குச் சோறு போடும் தொழில் இது.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. 1975-ல் வியட்நாம் போர் முடிந்ததும் அகதிகள் அமெரிக்காவுக்கு ஓடி வந்தார்கள். கலிபோர்னியாவில் ஒரு முகாமுக்கு 'தி பேர்ட்ஸ்' படத்தின் கதாநாயகி டிப்பி ஹெட்ரன் உதவி செய்யப் போனார். தையல், டைப்ரைட்டிங் என்று சொல்லிப் பார்த்தார். பெண்கள் கண் எல்லாம் அவருடைய நகத்தின் மேல்! தன்னுடைய நக அலங்காரப் பெண்ணையே முகாமுக்கு வரவழைத்து 20 பெண்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தார். இன்றைக்கு அமெரிக்காவில் இந்தத் தொழிலில் பெரும்பங்கு வியட்நாமியர் கையில்.

அலர்ஜியும் முதலில் பிடிப்பது இந்தக் கைகளைத்தான். சாதாரண மெல்லிய கையுறையைக்கூட அக்ரிலேட் கொஞ்ச நேரத்தில் ஊடுருவும். ஜன்னலே இல்லாத ஏ.சி. அறையில் அரத்தூள் பறக்க வேலை வாங்கும் கடை, வாடிக்கைக்காரிக்கும் நல்ல கடை அல்ல.

கடைக்குள் நுழைந்ததும் மூக்கைக் கேளுங்கள். நெடி குப்பென்று அடித்தால் காற்று வெளியே போக வழி இல்லை என்று அர்த்தம். அரம் புதிதா, முன்னால் வந்தவருக்குத் தேய்த்ததா என்று வாய் விட்டுக் கேட்கலாம். கோபித்துக்கொண்டால் எழுந்து வந்துவிட வேண்டியதுதான்! நக அடியில் மெல்லிய தோல் இருக்கிறதே, அதை வெட்டச் சொல்லாதீர்கள். அதுதான் நகத்துக்கு வாசற்கதவு. வெட்டினால் கிருமி புகுந்து நகச்சுத்து வரும். அப்புறம் விரலில் எலுமிச்சம்பழத்தைச் சொருகிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

கழற்றுவதிலும் அவசரம் கூடாது. அசிட்டோனில் நனைத்த பஞ்சைச் சுற்றி 10, 15 நிமிடம் ஊற விட்டால் தானாக இளகும். பஸ்சில் போகும்போது பொழுது போகாமல் பிய்த்து எடுக்கிறார்கள் சிலர். கூடவே சொந்த நகத்தின் மேல் அடுக்கும் உரிந்து வரும்.

லேபிளைப் பாருங்கள்

பாரிமுனை மொத்தக் கடையோ, பிளாட்பாரமோ, பாட்டிலைத் திருப்பிப் பார்க்கக் காசு இல்லை. தயாரித்தவர் பெயர், விலாசம், பேட்ச் எண், லைசென்ஸ் எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது எல்லாம் அச்சிட்டு இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதி செய்தவர் பெயரும், பதிவு எண்ணும் வேண்டும். இது 2020-ம் ஆண்டு அழகுசாதன விதி. ஒன்றும் இல்லாத மொட்டைப் பாட்டிலை விற்றால் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் புகார் செய்யலாம். மாத்திரை மருந்தை மட்டும்தான் அவர்கள் பார்ப்பார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். உதட்டுச் சாயமும் நகப்பூச்சும் அவர்கள் எல்லைக்குள்தான்.

முக்கியமாக, வீட்டில் வைத்து ஜெல் போடும் பெட்டி. விளக்கு ஒரு கம்பெனி, கூழ் ஒரு கம்பெனி என்று கலந்து வாங்கினால் இறுகியது போல மேலே தெரியும். உள்ளே கூழாகவே இருக்கும். மேலே சொன்ன அலர்ஜிக்கு இதுவே ராஜபாட்டை.

இந்த வம்பே வேண்டாம் என்பவர்களுக்கு இருக்கவே இருக்கிறது மருதாணி. ஆடி மாதம் அரைத்து வைத்தால் இலையில் உள்ள சாயம் நகத்தோடு நகமாகக் கலந்துவிடும். கை நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். நுனியில் கடைசிப் பிறை கழிந்து போக ஆறு மாதம் ஆகும். ஆனால் இதிலும் ஒரு போலி உண்டு. வைத்த ஒரு மணி நேரத்தில் கன்னங்கரேல் என்று பிடித்தால் அது வெறும் மருதாணி அல்ல, தலைச் சாயத்தில் போடும் பி.பி.டி. கலந்தது. மருதாணிச் சாயம் செம்பழுப்பு. கறுப்பு மருதாணி என்று ஒரு செடியே கிடையாது!

வளர்ந்து கழிந்தால் தவிரப் போகாத கலர் இன்னொன்றும் இருக்கிறது. ஆண், பெண் எல்லோருக்கும் இலவசம். ஓட்டுச் சாவடி மை! 1962 பொதுத் தேர்தலில் இருந்து மைசூர் பெயின்ட் தொழிற்சாலையில் செய்து வருகிறார்கள். வெள்ளி நைட்ரேட் கலந்தது. இடது கை ஆள்காட்டி விரலில் நகத்தையும் தோலையும் சேர்த்து ஒரு கோடு. தோலில் பட்டது சில வாரத்தில் மங்கும். நகத்தில் பட்டது நகவெட்டிக்கு வரும் வரை நிற்கும். பார்லரில் காசு கொடுத்துப் போட்ட ஜெல் மூன்று வாரம் தாங்கினால் அதிகம்.